ஐந்து மில்லிமீட்டர்: புரோஸ்டேட் புற்றுநோயும் கதிர்வீச்சுச் சிகிச்சையின் துல்லியமும்

நம்மவர் வீடுகளில் இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, மூட்டு வலி ஆகியவற்றைப் பற்றிச் சாப்பாட்டு மேசையிலேயே பேசிக்கொள்வோம். யார் எத்தனை மாத்திரை விழுங்குகிறார் என்பது பக்கத்து வீட்டாருக்கும் தெரிந்திருக்கும். ஆனால், இடுப்புக்குக் கீழே ஒரு கோளாறு என்றால் வீட்டுப் பெரியவர்கள் வாய் திறப்பதில்லை. புரோஸ்டேட் புற்றுநோய் அந்த மௌனத்தில் வளரும் நோய்களுள் ஒன்று. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கையின்படி, மலேசிய ஆண்களிடையே பெருங்குடல் புற்றுநோய்க்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் அடுத்து மூன்றாவது இடத்தில் இருப்பது இதுவே.

இந்நோய்க்கு அளிக்கப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சையையும், அதன் துல்லியம் கடந்த சில பத்தாண்டுகளில் எவ்வாறு வளர்ந்தது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நான் இப்பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று, பின்னர் மருத்துவ இயற்பியல் பக்கம் சென்றவள். துல்லியம் என்ற சொல்லைப் பாடநூல்களில் பல முறை படித்திருக்கிறேன். அதன் மறுபாதி 2019ஆம் ஆண்டில் பாயா ரும்புட்டில் என் பெரியப்பா வீட்டு வாசலில் அமர்ந்திருந்தபோதுதான் விளங்கியது. ஆகவே அவர் கதையும் இதில் இடையிடையே வரும். அவர் அனுமதி தந்துவிட்டார். “பேரு மட்டும் போட்டுறாதம்மா” என்பதே நிபந்தனை.

சுரப்பியும் அதன் அண்டை வீட்டாரும்

புரோஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். வயது ஏற ஏறச் சிலருக்குப் பெருத்துவிடும். விந்து நீரின் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் வேலை. இதன் இருப்பிடந்தான் எல்லாச் சிக்கலுக்கும் காரணம். மேலே சிறுநீர்ப்பை அமர்ந்திருக்கிறது. பின்புறத்தை ஒட்டினாற்போல் மலக்குடல். சிறுநீர் வெளியேறும் குழாயோ சுரப்பியின் நடுவிலேயே துளைத்துச் செல்கிறது. தோட்டத்து லயத்து வீடுகளைப் போல ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு வாழும் குடும்பம் இது. ஒரு வீட்டில் அடுப்பு மூட்டினால் அடுத்த வீட்டுக்கும் புகை போகும்.

தொடக்க நிலையில் இப்புற்றுநோய் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. அடிக்கடி சிறுநீர் கழிப்பது, இரவில் நான்கைந்து முறை எழுவது, தாரை மெலிவது ஆகியவை வயது காரணமாகச் சுரப்பி பெருப்பதாலும் வரும். நம் சமூகத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. இனிப்பு நீர் உள்ளவர்கள் நிறையப் பேர் என்பதால், ‘சக்கரை கூடிப்போச்சு, அதான் அடிக்கடி போகுது’ என்று பழியை அதன்மேல் போட்டுவிடுவார்கள். என் பெரியப்பாவும் ஓராண்டு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கிளினிக்கில் வேறு எதற்கோ இரத்தம் எடுத்தபோது பி.எஸ்.ஏ. எனும் புரதத்தின் அளவையும் சேர்த்துப் பார்த்தார்கள். பொதுவாக 4 நானோகிராமுக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பார்கள். அவருக்கு 14 இருந்தது. (இந்த எண் கூடினாலே புற்றுநோய் என்று பொருளன்று. கிருமித்தொற்றும் சுரப்பி வீக்கமும்கூட இதை ஏற்றிவிடும்.) திசுச் சோதனை ஐயத்தை உறுதிப்படுத்தியது. நல்லவேளையாக நோய் எலும்புக்குப் பரவியிருக்கவில்லை.

அறுவை சிகிச்சையா, கதிர்வீச்சா என்ற கேள்வி எழுந்தது. இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் நடைபெற்ற ஓர் ஆய்வில், தொடக்க நிலை நோயுடைய 1,643 ஆண்களை மூன்று குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு அறுவை, ஒரு குழுவுக்குக் கதிர்வீச்சு, ஒரு குழுவுக்குக் கண்காணிப்பு மட்டும். 2023இல் வெளியான 15 ஆண்டு முடிவுகளின்படி, மூன்று குழுவிலும் இந்நோயால் இறந்தோர் ஏறக்குறைய 3 விழுக்காட்டினரே. அதாவது, தொடக்கத்திலேயே கண்டால் பதற்றப்படாமல் யோசித்து முடிவெடுக்கக் காலம் இருக்கிறது. பெரியப்பாவுக்கு அப்போது வயது 71. இதயத்தில் பழைய கோளாறு. மருத்துவர்கள் கதிர்வீச்சையும் அதனுடன் சில மாதங்களுக்கு ஹார்மோன் ஊசியையும் பரிந்துரைத்தார்கள்.

ஓரம் எனும் கணக்கு

கதிர்வீச்சுச் சிகிச்சையில் ஊடுகதிர்தான் கத்தி. 1895இல் ரோன்ட்கன் கண்டுபிடித்த அதே கதிர்தான். ஆனால், மார்பைப் படம் பிடிக்கும் கதிரைவிடப் பல மடங்கு ஆற்றல் கொண்டது. நேர்கோட்டு முடுக்கி எனும் கருவி மின்னணுக்களை ஏறத்தாழ ஒளியின் வேகத்துக்கு விரட்டி ஓர் உலோகத் தகட்டில் மோதவிட்டு இக்கதிரை உண்டாக்குகிறது. 1953இல் லண்டனில் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் இத்தகைய கருவியால் முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. கதிர் செல்லும் வழியில் உள்ள உயிரணுக்களின் மரபுப்பொருளை அது சிதைக்கும். நல்ல உயிரணுக்கள் அச்சிதைவை ஓரளவு சரிசெய்துகொள்ளும். புற்றுநோய் உயிரணுக்களுக்கு அத்திறன் குறைவு. அதனால்தான் மொத்த அளவையும் ஒரே நாளில் கொடுக்காமல் பல நாள்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

கதிரின் அளவைக் ‘கிரே’ என்ற அலகால் குறிப்பர். கூடுதலாகக் கொடுத்தால் நோய் நன்றாகக் கட்டுப்படுமா? அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 301 பேரிடம் இதைச் சோதித்தது. ஒரு சாராருக்கு 70 கிரே, மறு சாராருக்கு 78 கிரே. 2008இல் வெளிவந்த முடிவின்படி, எட்டு ஆண்டுகளில் நோய் தலைதூக்காதிருந்தவர்கள் முதல் குழுவில் 59 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 78 விழுக்காடு. பெரிய வெற்றிதான். ஆனால், குறிப்பிடத்தக்க மலக்குடல் பாதிப்பும் 13 விழுக்காட்டிலிருந்து 26 விழுக்காடாக இரு மடங்கானது. கதிரைக் கூட்டு என்கிறது சுரப்பி. வேண்டாம் என்கிறது மலக்குடல். இந்த வழக்கைத் தீர்க்க ஒரே வழி, கதிரைச் சுரப்பிக்குள்ளேயே நிறுத்துவது.

அங்கேதான் ஓரம் வருகிறது. சுரப்பி ஸ்கேனில் தெரிந்த இடத்தில்தான் சிகிச்சை நாளன்றும் இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே சுரப்பியைச் சுற்றிச் சற்று அகலமாகக் கோடு போட்டு, அந்தப் பரப்பு முழுமைக்கும் கதிர் கொடுக்கிறோம். இந்தக் கூடுதல் இடமே ஓரம். ஓரத்தைக் குறைத்தால் நோய் தப்பிக்கும்; கூட்டினால் அண்டை உறுப்பு வேகும்.

எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். சுரப்பியை 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை என்று வைத்துக்கொண்டால், அதன் கொள்ளளவு ஏறத்தாழ 33 கன சென்டிமீட்டர். சுற்றிலும் 10 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் உருண்டை 113 கன சென்டிமீட்டராகிவிடும். அதாவது, கதிர் விழும் இடத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நோயே இல்லாத இடம். ஓரத்தை 5 மில்லிமீட்டராகக் குறைத்தால் 65. 3 மில்லிமீட்டராகக் குறைத்தால் 51. ஐந்து மில்லிமீட்டர் என்பது நம் சுண்டு விரல் நகத்தின் அகலம்கூட இல்லை. ஆனால் அந்த ஐந்தைச் சேமித்தால், வீணாகச் சுடப்படும் உடற்பகுதி பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் இத்துறையில் வந்த கருவிகளும் முறைகளும் பெரும்பாலும் இந்த மில்லிமீட்டர்களுக்காக நடந்த போராட்டமே.

முதலில் கதிரின் வடிவம் திருத்தப்பட்டது. முன்பெல்லாம் நான்கு திசைகளிலிருந்து பெட்டி வடிவில் கதிர் பாய்ச்சினார்கள். சுரப்பி உருண்டை, கதிரோ சதுரம். பின்னர் முடுக்கியின் வாயில் டங்ஸ்டன் உலோகத்தாலான மெல்லிய தகடுகள் வந்தன. தென்னங்கீற்றின் ஓலைகளைப் போல வரிசையாக நிற்கும் இத்தகடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே நகர்ந்து, கதிருக்குச் சுரப்பியின் வடிவத்தைத் தருகின்றன. 1990களில் வளர்ந்த செறிவு மாற்றும் முறையில், ஒரே கதிருக்குள்ளேயே ஓரிடத்தில் அடர்த்தியாகவும் மலக்குடல் பக்கம் மெலிதாகவும் கொடுக்க முடிந்தது.

அடுத்து, கோடு போடும் கை. மருத்துவர் திரையில் சுரப்பியின் எல்லையை வரைகிறார். அவர் வரைந்த கோட்டைத்தான் கருவி வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். சி.டி. ஸ்கேனில் புரோஸ்டேட்டின் எல்லை மங்கலாகத் தெரியும். 1999இல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வொன்றில், அதே நோயாளிகளின் சுரப்பியைக் காந்த அதிர்வு ஸ்கேனைப் பார்த்து வரைந்ததைவிட, சி.டி.யைப் பார்த்து வரைந்தபோது சராசரியாக 1.4 மடங்கு பெரிதாக வரைந்திருந்தனர். பேனா முனையிலேயே இத்தனை பிழை! அதனால் இன்று இரு ஸ்கேன்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி வரைவது நல்ல வழக்கமாகிவிட்டது.

நகரும் இலக்கு

கதிர் சரி, கோடும் சரி. ஆனால் சுரப்பி அடங்கி இருப்பதில்லை. மலக்குடலில் காற்று நிரம்பினால் அது சுரப்பியை முன்னே தள்ளும். காலியானால் சுரப்பி பின்னே சாயும். சிறுநீர்ப்பையும் தன் பங்குக்கு அழுத்தும். சில மில்லிமீட்டர் முதல் சில வேளைகளில் ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் அது இடம் மாறும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அதே எம்.டி. ஆண்டர்சன் மையத்திலிருந்து 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. 78 கிரே பெற்ற 127 நோயாளிகளின் பழைய ஸ்கேன்களை எடுத்துப் பார்த்தார்கள். திட்டமிடும் ஸ்கேன் எடுத்த அன்று மலக்குடல் புடைத்திருந்தவர்களுக்கு நோய் திரும்பி வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. காரணம் எளிது. ஸ்கேன் நாளில் காற்றால் முன்னே தள்ளப்பட்ட சுரப்பியைப் பார்த்துத் திட்டம் போட்டாயிற்று. சிகிச்சை நாள்களில் குடல் காலியாக இருந்ததால் சுரப்பி பின்னே போய்விட்டது. கதிர் நாள்தோறும் தவறாமல், சுரப்பி முன்பு இருந்த இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்று ஒரு நாள் வயிற்றில் இருந்த காற்று, பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மனிதனின் நோய் திரும்புவதில் பங்கு வகித்தது என்பதைப் படித்தபோது நான் சற்று நேரம் பக்கத்தைத் திருப்பவில்லை.

இக்குறையைப் போக்க வந்ததே படம் பார்த்துக் குறிவைக்கும் முறை. முன்னர்த் தோலில் இட்ட புள்ளிகளையோ இடுப்பெலும்பையோ வைத்துத்தான் நோயாளியைக் கிடத்துவார்கள். சுரப்பி எலும்போடு சேர்ந்து நகர்வதில்லை. இப்போது முடுக்கியிலேயே ஸ்கேன் கருவி இணைந்திருக்கிறது. நாள்தோறும் கதிர் கொடுக்கும் முன் படம் எடுத்து, திட்டப் படத்துடன் ஒப்பிட்டு, மேசையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துகிறார்கள். சுரப்பி இன்னும் தெளிவாகத் தெரிய, சில மையங்களில் மூன்று தங்கத் துகள்களை அதனுள் ஊசி மூலம் பதித்துவிடுவர். அரிசியைவிடச் சிறியவை, படத்தில் வெள்ளைப் புள்ளியாக மின்னும். பெரியப்பாவுக்கும் இப்படிச் செய்தார்கள். “முடிஞ்சதும் தங்கத்தத் திருப்பிக் கேப்பாங்களாம்மா?” என்று கேட்டார். கேட்க மாட்டார்கள், உள்ளேயே தங்கிவிடும்.

இன்னும் ஒரு படி மேலே போய், காந்த அதிர்வு ஸ்கேனையே முடுக்கியோடு சேர்த்த கருவிகளும் வந்துவிட்டன. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 156 பேர் பங்கேற்றனர். சி.டி. வழிகாட்டலில் 4 மில்லிமீட்டர் ஓரமும், காந்த அதிர்வு வழிகாட்டலில் 2 மில்லிமீட்டர் ஓரமும் விடப்பட்டன. குறிப்பிடத்தக்க சிறுநீர்த் தொல்லை முதல் குழுவில் 43 விழுக்காட்டினருக்கும் இரண்டாம் குழுவில் 24 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டது. இரண்டே மில்லிமீட்டர் வேறுபாடு!

ஆனால் எந்தப் படமும் சுரப்பி எங்கே இருக்கிறது என்று காட்டுமே தவிர, குடலில் இருக்கும் காற்றை வெளியேற்றாது, சிறுநீர்ப்பையை நிரப்பாது. மேசையை நகர்த்தலாம், உறுப்பின் வடிவம் மாறியிருந்தால் நகர்த்தியும் பயனில்லை. சிறுநீர்ப்பை ஓரளவு நிரம்பியிருந்தால், அதன் மேற்பகுதியும் சிறுகுடலும் கதிரின் பாதையிலிருந்து விலகி நிற்கும். எனவே பல மையங்களில் நோயாளியிடம் சொல்வது இதுதான்: மலம் கழித்துவிடுங்கள், சிறுநீரையும் கழித்துவிடுங்கள், பிறகு அரை லிட்டர் அளவு தண்ணீர் குடியுங்கள், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அடக்கிக்கொண்டு காத்திருங்கள். (அளவும் நேரமும் மையத்துக்கு மையம் மாறும்.) கேட்க எவ்வளவு எளிது!

பெரியப்பாவின் தண்ணீர்ப் போத்தல்

பாயா ரும்புட் வட்டாரத்தை இன்று காண்பவர்களுக்கு வரிசை வரிசையாகத் தாமான் வீடுகள்தாம் தெரியும். பெரியப்பா அங்கே குடியேறுவதற்கு முன் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மலாக்காத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். கடையில், சந்தையில் பேசும் மலாய் சரளமாக வரும். ஆங்கிலம் அறவே வராது.

மலாக்காவைச் சேர்ந்த புற்றுநோயாளிகளுக்கு நகரிலேயே மக்கோத்தா போன்ற தனியார் மருத்துவமனையில் கதிர்வீச்சு வசதி உண்டு. அரசு மருத்துவமனை என்றால் புத்ராஜெயாவுக்கோ கோலாலம்பூருக்கோ ஜொகூர் பாருவுக்கோ அனுப்பப்படுவதே வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. 2013இல் புத்ராஜெயாவில் தேசியப் புற்றுநோய்க் கழகம் திறக்கப்பட்டது இவ்வட்டார மக்களுக்கு ஓரளவு நிம்மதி. அதுவும் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். பெரியப்பா போன மருத்துவமனையின் பெயர் இங்கு வேண்டாம். மாநிலத்துக்கு வெளியே, காலை 5 மணிக்குக் கிளம்ப வேண்டிய தூரம்.

திட்டமிடும் ஸ்கேன் நாளன்று அண்ணன் காரோட்டிச் சென்றார். மாலையில் திரும்பிய பெரியப்பா, “மெஷினு கெட்டுப் போச்சாம், அடுத்த வாரம் வரச் சொல்லிட்டாங்க” என்றார். அண்ணனும் நம்பிவிட்டார். எனக்கு ஏதோ உறுத்தியது. வார இறுதியில் நேரில் போய்க் கேட்டேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் முதலில் பிடிகொடுக்கவில்லை. “ஏம்மா, இதெல்லாம் பொம்பளப் புள்ளகிட்ட பேசுற பேச்சா?” என்றார். பெரியம்மா உள்ளேயிருந்து, “படிச்ச புள்ளகிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்லுவீங்க?” என்று குரல் கொடுத்த பிறகே வாய் திறந்தார்.

நடந்தது இதுதான். நெடுஞ்சாலையில் இடையில் இறங்க நேரிடுமோ என்று பயந்து முதல் நாள் இரவிலிருந்து அவர் தண்ணீரே குடிக்கவில்லை. மருத்துவமனையில் மலாயும் ஆங்கிலமும் அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, விளக்கியும் சொன்னார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தண்ணீர் குடிக்கச் சொன்னது வயிற்றைக் கழுவுவதற்காக என்று புரிந்துகொண்டு, குடித்துச் சிறிது நேரத்தில் சத்தமில்லாமல் கழிவறைக்குப் போய்விட்டு வந்து, “ஓகே” என்றார். ஸ்கேனில் பை காலி, குடலிலோ காற்று. இரண்டு நாளாக மலம் கழிக்கவில்லை என்பதையும் அவர் சொல்லவில்லை. ஸ்கேனை நிறுத்திவிட்டு வேறு நாள் கொடுத்தார்கள். பணியாளர்கள் மேல் குற்றமில்லை. அன்று அந்தப் படத்தையே வைத்துத் திட்டம் போட்டிருந்தால்தான் குற்றம். ஆனால் வெட்கத்தில் அவர் கருவியின்மேல் பழிபோட்டு, இனிமேல் போகவே வேண்டாம் என்று ஏறக்குறைய முடிவெடுத்திருந்தார்.

நான் விளக்க ஆரம்பித்தேன். இங்கே என் தோல்வியையும் ஒப்புக்கொள்கிறேன். ‘சிறுநீர்ப்பை’, ‘மலக்குடல்’, ‘கதிர்வீச்சு’ என்று நம் கலைச்சொற்களை அடுக்கினேன். மருத்துவமனையில் தலையாட்டியதைப் போலவே எனக்கும் தலையாட்டினார். மொழிக் கழகத்தில் இருந்தபோது கலைச்சொல்லுக்காக எத்தனை விவாதம் செய்திருப்போம்! அச்சொற்கள் தேவையே. ஆனால் அந்த மனிதருக்கு அவை மலாய்த் தாளைப் போலவே அந்நியமாக இருந்தன. ‘மூத்திரப் பை’, ‘வெளிக்குப் போறது’, ‘வாயு’ என்று நான் கூச்சத்தை விட்டு இறங்கி வந்ததும் அவருக்கும் கூச்சம் போயிற்று. ஒரு தாளில் படம் போட்டு, கதிர் எங்கே விழ வேண்டும், எங்கே விழக் கூடாது, நடுவில் எவ்வளவு இடம் என்று காட்டினேன்.

பார்த்துக்கொண்டே இருந்தவர், “அப்ப இது மரம் சீவுற மாதிரிதானே?” என்றார்.

தோட்டத்தில் வளராத தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன். பால்மரப் பட்டையில் பால் ஊறும் நாளங்கள் உட்புறம், மரக்கட்டையை ஒட்டிய பகுதியில்தான் அடர்ந்திருக்கும். கத்தி மேலோடு போனால் மங்கில் பால் விழாது. ஆழமாகப் போய் உள்ளே இருக்கும் இளந்தோலைத் தொட்டால் மரத்துக்குக் காயம். அவ்விடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்து, மறுபடி வெட்ட உதவாது. மண்டோர் வந்து காயத்தைக் கண்டால் திட்டு விழும். அந்த இளந்தோலுக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக விட்டு வெட்டுவதே கைத்திறன். விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் அந்தத் துல்லியத்தைக் காட்டியவரிடம் நான் ஓரத்தைப் பற்றி வகுப்பெடுத்துக் கொண்டிருந்தேன். “மரம் ஆடாம நிக்கும். இங்க நாந்தான் மரம், நாந்தான் ஆடக் கூடாது” என்று அவரே முடித்து வைத்தார்.

பிறகு அவருக்காக ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அதில் உள்ளவற்றில் சிலவற்றைப் பகிர்ந்துகொள்வது பயனாக இருக்கும். முதல் நாளும் வழக்கம்போல் நீர் அருந்தியிருக்க வேண்டும். உடல் வறண்டிருந்தால், காலையில் குடிக்கும் அரை லிட்டர் பைக்கு வந்து சேர நேரமாகும். இரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் ‘நீர் மாத்திரை’யைக் காலையில் விழுங்குபவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அது பையை எதிர்பார்த்ததைவிட விரைவில் நிரப்பிவிடும். இதயம், சிறுநீரகக் கோளாற்றால் தண்ணீரை அளந்து குடிப்பவர்களும் அப்படியே. மலச்சிக்கல் இருந்தால் மறைக்கக் கூடாது; அதற்கு மருந்து இருக்கிறது. தோலில் பேனாவால் இட்ட குறிகளை எண்ணெய் தேய்த்துக் குளித்து அழித்துவிடக் கூடாது. அடக்க முடியவில்லை என்றால், முடியவில்லை என்று சொல்லிவிட வேண்டும். ஒரு முறை போய்விட்டு வந்து மறுபடி குடித்துக் காத்திருக்கலாம். பொய்யாக ‘ஓகே’ சொல்வதுதான் ஆபத்து.

உணவைப் பற்றிப் பெரியம்மாவுக்குத்தான் கவலை அதிகம். பருப்பு, கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா என்றார். வாயுவுக்கான கடுமையான உணவுக் கட்டுப்பாடு சுரப்பியின் அசைவைக் குறைக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் வலுவான சான்று கிடைக்கவில்லை. திடீர் மாற்றம்தான் தொல்லை. ஸ்கேன் எடுத்தபோது வழக்கமான சாப்பாடு, சிகிச்சை நடுவில் புரட்டாசி சைவமோ தைப்பூச விரதமோ வந்து உணவு முழுவதும் மாறினால், குடலும் மாறும். விரதத்தை விடச் சொல்லவில்லை. முன்கூட்டியே சிகிச்சைக் குழுவிடம் சொல்லிவிடுங்கள் என்கிறேன்.

இரண்டாம் முறை ஸ்கேன் சரியாக அமைந்தது. அதற்குப் பிறகு பெரியப்பா ஒரு போத்தலில் மைப்பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொண்டார். கோடு வரை தண்ணீர், கைக்கடிகாரத்தில் நேரம். காத்திருக்கும் இடத்தில் இருந்த இன்னும் இரண்டு தமிழ்ப் பெரியவர்களுக்கும் அவரே ‘கிராணி’யாகி, எப்போது குடிக்க வேண்டும் என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அண்ணன் சிரித்தார்.

37லிருந்து 5க்கு

துல்லியம் கூடியதால் கிடைத்த இன்னொரு நன்மை, பயணக் குறைப்பு. முன்பு ஒரு நாளைக்கு 2 கிரே என்று ஏழு எட்டு வாரங்கள் போக வேண்டியிருந்தது. புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஒரு தனிக் குணம் உண்டு. சிறு சிறு அளவுகளைவிட, ஒவ்வொரு முறையும் சற்றுப் பெரிய அளவு கொடுத்தால் அது நன்றாகக் கட்டுப்படும். ஆனால் பெரிய அளவு அண்டை உறுப்புகளுக்கும் கேடு. குறி தவறாது என்ற நம்பிக்கை வந்த பிறகே அதைத் துணிந்து செய்ய முடிந்தது. பிரிட்டனில் 3,216 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. 37 தவணைகளில் 74 கிரே பெற்றவர்களில் 88.3 விழுக்காட்டினரும், 20 தவணைகளில் 60 கிரே பெற்றவர்களில் 90.6 விழுக்காட்டினரும் ஐந்து ஆண்டுகளில் நோய் திரும்பாதிருந்தனர். நான்கு வாரமே போதும் என்பது உறுதியானது. 2024இல் வெளியான மற்றோர் ஆய்வு 874 ஆண்களைக் கொண்டது. ஐந்தே தவணைகளில் 36.25 கிரே பெற்றவர்களில் 95.8 விழுக்காட்டினரும், வழக்கமான முறையில் பெற்றவர்களில் 94.6 விழுக்காட்டினரும் ஐந்து ஆண்டுகளில் நோய் கட்டுப்பட்டிருந்தனர். இவர்கள் குறைந்த, நடுத்தர அபாய நிலையினர் என்பதை மறக்கக் கூடாது. எல்லாருக்கும் ஐந்து தவணை பொருந்தாது, எல்லா மையங்களிலும் கிடைப்பதுமில்லை.

பாயா ரும்புட்டிலிருந்து புத்ராஜெயாவுக்குப் போய்வர 240 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 37 தவணைக்கு 8,880 கிலோமீட்டர், 20 தவணைக்கு 4,800, ஐந்துக்கு 1,200. விடுப்பு எடுக்கும் மகனுக்கும், பெட்ரோலுக்கும், முதியவரின் இடுப்புக்கும் இந்த எண்களின் பொருள் தெரியும். பெரியப்பாவுக்கு 20 தவணைகள்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 37 தவணையில் ஒரு நாள் குறி சற்றுப் பிசகினால், பிசகியது 37இல் ஒரு பங்கு. ஐந்தில் ஒரு நாள் பிசகினால் அது முழுச் சிகிச்சையில் ஐந்தில் ஒரு பங்கு. தவணை குறையக் குறைய, மேசைமேல் படுப்பதற்கு முந்திய அந்த ஒரு மணி நேரத்தின் எடை கூடிக்கொண்டே போகிறது.

சிகிச்சைக்குப் பின்

கதிர்வீச்சு முடிந்த அன்றே புற்றுநோய் மறைந்துவிடுவதில்லை. பி.எஸ்.ஏ. மெல்ல மெல்ல இறங்கும். மிகக் குறைந்த நிலையை அடைய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். நடுவில் சிறிது ஏறி இறங்குவதும் உண்டு. அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. எட்டிய மிகக் குறைந்த அளவிலிருந்து 2 நானோகிராமோ அதற்கு மேலோ ஏறினால்தான் நோய் திரும்பியிருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுவர். சிகிச்சை நடக்கும்போது அடிக்கடி சிறுநீர், எரிச்சல், சோர்வு, மலம் இளகுதல் ஆகியவை வரும். பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். சிலருக்குப் பல மாதங்கள் கழித்து மலத்தில் இரத்தம் தெரியலாம். அதை மூலம் என்று தாமாகவே முடிவு செய்து நாட்டு மருந்து தேடாமல், கதிர்வீச்சு பெற்றதைச் சொல்லி மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆண்மை சார்ந்த குறைபாடும் வரக்கூடும். இதைப் பற்றி நம்மவர்கள் எந்த மொழியிலும் கேட்பதில்லை. கேட்டால் மருத்துவரிடம் பதிலும் உண்டு, மருந்தும் உண்டு.

பெரியப்பாவுக்குக் கடைசித் தவணைகளில் இரவில் ஆறேழு முறை எழ வேண்டியிருந்தது. இரண்டு மாதத்தில் அது இரண்டு முறையாகக் குறைந்தது. 14 இருந்த பி.எஸ்.ஏ. இப்போது 1க்கும் கீழே. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்குப் போகிறார். கோடு போட்ட அந்தப் போத்தல் இன்னும் சமையலறை அலமாரியில் இருக்கிறது. பெரியம்மா அதில் ரசப்பொடி போட்டு வைத்திருக்கிறார்.